பாசிக்குடாவில் மூத்த மருமகன்

பாசிக்குடாவுக்குப் போகலாம் என்ற சொல் அந்த வீட்டில் என் வாயிலிருந்துதான் முதலில் வந்திருக்க வேண்டும். நான் மூத்த மருமகன். ஆனால் சொன்னவர் என் சகலன், என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். கட்டாரில் இன்ஜினியராக இருக்கிறார். லீவில் வந்திருந்தவர், ஒரு பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, "மாமா, எல்லாருமா பாசிக்குடாவுக்குப் போய்த் தங்கிட்டு வருவம். ரூம் எல்லாம் சொல்லிட்டன்" என்றார்.

சொல்லிவிட்டாராம். சொல்லட்டுமா என்று யாரிடமும் கேட்கவில்லை. மாமா சிரித்தார். மாமி, "எனக்கென்னத்துக்கு மகன் கடல், வீட்டுக்குப் பின்னாலதானே கிடக்கு" என்றார். சொன்ன வாய் மூடுவதற்குள் எந்த அபாயாவை எடுத்து வைப்பது என்று மகள்மாரிடம் கேட்கப் போய்விட்டார்.

அன்று நான் தேத்தண்ணியைக் குடிக்காமலே கடைக்குப் போனேன். கல்முனையில் எனக்கு ஒரு சின்ன ஹாட்வெயார் கடை இருக்கிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வந்து வாப்பாவுக்குத் துணையாக நின்ற கடை அது. அன்று ஆணி கேட்டவருக்குத் திருகாணியைக் கட்டிக் கொடுத்தேன். அவர் திரும்பி வந்து, "என்ன முதலாளி, வீட்டுல கரச்சலா?" என்று கேட்டார்.

கரச்சல்தான். ஆனால் அது பாசிக்குடாவால் வந்ததல்ல.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். பெண்ணுக்கு வீடு கொடுப்பது அவளுடைய வாப்பாவின் கடமை. மாமாவுக்கு மூன்று பெண்மக்கள், ஆண்பிள்ளை இல்லை. சாய்ந்தமருதில் ஒரே வளவுக்குள் மூன்று வீடு. மூத்த வீட்டில் நாங்கள். அடுத்த வீட்டில் சகலன் குடும்பம். மூன்றாவது வீட்டில் மாமாவும் மாமியும் கடைசி மகளும். அந்த மகளுக்கு மாப்பிள்ளை வந்ததும் அது அவளுடையதாகிவிடும். அவளுக்கு அட்டாளைச்சேனையில் ஒரு டொக்டர் மாப்பிள்ளை பொருந்தி வந்திருந்தது. பாசிக்குடாவிலிருந்து திரும்பி வந்த பிறகு வருகிற வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து நாங்கள் மாப்பிள்ளை கேட்டுப் போக வேண்டும்.

இப்படிப் போகும்போது பெண்ணின் வாப்பா வாய் திறப்பதில்லை. பெண்ணையும் கொடுத்து, வீட்டையும் கொடுத்து, வாயாலும் கேட்பதென்றால் அது அவருக்கு மரியாதையில்லை. அவருக்காகக் கதையைத் தொடங்க ஒரு ஆள் வேண்டும். அந்த முதல் கதையை யார் கதைக்கிறாரோ அவர்தான் அந்தக் குடும்பத்தின் பொறுப்பான மனிதர் என்று ஊர் எடுத்துக்கொள்ளும். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் அது மூத்த மருமகனின் இடம். இரண்டாவது மகளுக்குக் கேட்டுப் போனபோது முதல் கதை கதைத்தவன் நான்தான். கட்டார் இன்ஜினியரை அந்த வீட்டுக்குக் கேட்டுக் கொண்டுவந்தவன் நான்தான்.

இந்தமுறை யார் கதைப்பது என்று மாமா இன்னும் சொல்லவில்லை. வழமையாக இப்படியான காரியம் என்றால் ஒரு கிழமைக்கு முன்பே கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, "என்ன மருமகன், எப்பிடித் தொடங்கிற?" என்று கேட்பார். இந்தமுறை வரவில்லை. சகலன் இன்ஜினியர், அங்கே மாப்பிள்ளை டொக்டர். படித்தவனுக்குப் படித்தவன் கதைத்தால் என்ன என்று மாமாவுக்குத் தோன்றாமலா இருக்கும்? எனக்கே தோன்றியதே.

வேன் புறப்பட்ட அன்று காலையில் நான் வழமைபோல் மூன்று வீட்டுக் கேஸ் சிலிண்டரையும் மூடினேன். படலையைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, களுவாஞ்சிக்குடி தாண்டும்போது மறுபடியும் சந்தேகப்பட்டேன். "பூட்டினதானே?" என்று மனைவியிடம் கேட்டேன். "நீங்க பூட்டி, நீங்களே இழுத்து, நீங்களே என்னக் கூப்பிட்டுக் காட்டின" என்றாள். சகலன் என்னை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர் வேனை ஓட்டிக்கொண்டே கண்ணாடியில் என்னைப் பார்த்து, "பயப்பிடாதீங்க காக்கா. கமரா பூட்டியிருக்கன், போன்ல பாக்கலாம்" என்றார். மாமா போனை வாங்கிப் பார்த்தார். அதற்குள் எங்கள் படலை தெரிந்தது. பூட்டியிருந்தது. ஒரு பூனை குறுக்கே நடந்து போனது. மாமா அதைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

வெளியில் சொல்ல முடியாத ஒரு கஷ்டம் அது. அந்தக் குடும்பத்துக்குக் கவலைப்படுவது என் வேலை. கல்யாணம் முடித்த நாளிலிருந்து அதைத்தான் செய்து வந்திருக்கிறேன். மழை வந்தால் வளவில் தண்ணீர் நிற்குமா, மாமியின் கால் வீக்கம் குறைந்ததா, பிள்ளைகள் ரோட்டைக் கடந்தார்களா என்று அத்தனையையும் நான்தான் நினைத்துக்கொண்டிருப்பேன். இந்த மனிதர் அதை ஒரு கமராவைக் கொண்டு என் கையிலிருந்து எடுத்துவிட்டார்.

ரிசோட்டில் இறங்கியதும் எனக்கு முதலில் வந்த யோசனை சாப்பாடு. வெள்ளைக்காரர் வந்துபோகிற இடம், எந்தச் சட்டியில் எதைச் சமைத்தார்களோ. குசினிப் பக்கம் போய் விசாரிக்கலாம் என்று எழும்பினேன். சகலன் என் தோளில் கை வைத்து, "கேட்டிட்டன் காக்கா. சமைக்கிறவர் ஏறாவூர் ஆள். எங்களுக்கு வேற சட்டி" என்றார். சரி, தொழுவதற்குக் கிப்லா எந்தப் பக்கம் என்று பார்ப்போமென்று அறைக்குள் போனால், அவர் எனக்கு முன்னாலேயே போய் மாமாவின் அறையில் தொழுகைப் பாயை விரித்து வைத்திருந்தார். போனில் பார்த்தாராம். பாய் நேராகத்தான் கிடந்தது. நான் சூரியனைப் பார்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கொஞ்சமாவது கோணியிருக்கக் கூடாதா என்று மனம் கேட்டது. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

பகல் சாப்பாடு பெரிய மண்டபத்தில். நீள மேசையில் சட்டி சட்டியாக வைத்திருந்தார்கள். அவரவர் பீங்கான் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவரவர் அள்ள வேண்டும். எங்கள் வீட்டுப் பெருநாளிலும் கந்தூரியிலும் சஹனில்தான் சாப்பாடு. ஒரு பெரிய தட்டுச் சோற்றைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்து சாப்பிடுவது. மாமாவின் சஹனில் அவருக்கு வலப்பக்கம் என் இடம். நல்ல இறைச்சித் துண்டை மாமா விரலால் என் பக்கம் தள்ளிவிடுவார். கல்யாணம் முடித்த முதல் பெருநாளில் அவர் அப்படித் தள்ளிவிட்டபோதுதான் நான் அந்த வீட்டு ஆள் என்று எனக்கே தோன்றியது.

இங்கே மாமா வெறும் பீங்கானோடு அந்த மேசைக்கு முன்னால் நின்றார். நான் எழும்புவதற்குள் சகலன் போய்விட்டார். "இது மீன் மாமா, முள்ளில்ல. இது கோழி, உறைப்பு கம்மி. இத எடுக்காதீங்க, இது வெறும் இலதான்." மாமா பிள்ளையைப்போலப் பின்னால் நடந்தார். இருவரும் வந்து ஜன்னலோரம் இருந்த மேசையில் உட்கார்ந்தார்கள். அது இரண்டு பேருக்கான மேசை.

நான் மனைவி பிள்ளைகளோடு உட்கார்ந்து அவர்களையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். மாமா எதையோ குனிந்து சொன்னார். சகலன் தலையை ஆட்டினார். மாமா விரலை மடக்கி மடக்கி எதையோ விளங்கப்படுத்தினார். வெள்ளிக்கிழமைக் கதை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"என்னத்தையாம் கதைக்காங்க?" என்றேன்.

"யாரு?" என்றாள் மனைவி.

"ஒங்கட வாப்பாவும் அவரும்."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வட்டிலப்பம் நல்லமா இல்லயா எண்டு கதைக்காங்க. நீங்க சோத்தத் தின்னுங்க. ஒங்கட கண்ணுக்கு அந்த மேசை உடைஞ்சிரும்."

"நான் சும்மாதான் கேட்டன்."

"சும்மா கேக்கிறவர்ர பீங்கான்ல சோறு அப்பிடியே கிடக்கு."

என் மகள் இடையில் புகுந்து, சகலனைக் காட்டி, "வாப்பா, சாச்சா தண்ணியில மல்லாந்து மிதப்பாராம். நீங்களும் மிதப்பீங்களா?" என்று கேட்டாள். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடலுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தும் எனக்கு நீந்தத் தெரியாது. எங்கள் கடலில் யாரும் நீந்திப் பழகுவதில்லை. சாய்ந்தமருதுக் கரையில் நாலு எட்டு வைத்தால் காலுக்கு மண் கிடைக்காது. அலை காலுக்குக் கீழே மண்ணை உருவிக்கொண்டு போகும். தோணி தள்ளுகிறவர்களே கலிமா சொல்லிவிட்டுத்தான் தள்ளுவார்கள். எங்களுக்குக் கடல் என்றால் பார்த்துக்கொண்டிருப்பதற்கும் மீன் வாங்குவதற்கும்தான். சுனாமிக்குப் பிறகு பார்த்துக்கொண்டிருப்பதும் குறைந்துவிட்டது.

அசர் தொழுதுவிட்டு அறையில் சற்றுச் சரிந்தேன். சரிந்தேனே தவிர உறக்கம் வரவில்லை. வெள்ளிக்கிழமை நான் என்ன உடுப்புப் போடுவது, பின்னால் உட்காரச் சொன்னால் எங்கே உட்காருவது, ஊரில் யாராவது "ஏன் நீங்க கதைக்கல்ல?" என்று கேட்டால் என்ன சொல்வது, தொண்டை அடைத்திருந்தது என்று சொல்லலாமா என்றெல்லாம் ஓடியது. எழும்பி வெளியே வந்தேன். பெண்கள் ஓலைக் குடைக்குக் கீழே உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டிருந்தார்கள். பிள்ளைகள் மண்ணில் இருந்தார்கள்.

"மாமா எங்க?" என்றேன்.

மாமி கடலைக் காட்டினார். "அந்தா, சின்ன மருமகனோட போறார்."

பார்த்தேன். கரையிலிருந்து வெகு தூரத்தில், வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசுகிற இடத்தில், இரண்டு தலை. தலை மட்டும். உடம்பு இல்லை. ஒன்று மாமாவின் வெள்ளைத் தொப்பி. எங்கள் கடலில் அந்தத் தூரத்தில் தலை தெரிந்தால் அந்த மனிதர் திரும்பி வரமாட்டார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மற்றத் தலைக்குப் பக்கத்தில் ஒரு கை மேலே எழும்பி ஆடியது.

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. சாரத்தை மடித்துக் கட்டியதாகவும் ஞாபகமில்லை. சட்டையோடும் சட்டைப் பையில் போனோடும் கடலுக்குள் ஓடினேன். "மாமாவ விடாதீங்க தம்பி, மாமாவ விடாதீங்க" என்று கத்திக்கொண்டே ஓடினேன். கரையில் யாரோ விசில் ஊதினார்கள். பின்னால் மாமி, "என்னகா இவருக்கு?" என்று கேட்பது கேட்டது.

ஓடினேன், ஓடினேன், கடல் ஏறவில்லை. முழங்காலுக்கு வந்த தண்ணீர் முழங்காலிலேயே நின்றது. இனி இறக்கம் வரும், இனிக் கால் தப்பும் என்று ஒவ்வொரு எட்டுக்கும் மனதில் கலிமா சொல்லிக்கொண்டு வைத்தேன். கால் மண்ணில்தான் பட்டது. மிருதுவான மண். தொடை வரை வந்து, பிறகு கொஞ்சம் குறைந்தும் போனது. என் வாழ்நாளில் இப்படி ஒரு கடலை நான் கண்டதில்லை.

கிட்டப் போனதும் இரண்டு பேரும் எழும்பி நின்றார்கள். தண்ணீர் அவர்களின் இடுப்புக்குத்தான் இருந்தது. இவ்வளவு நேரமும் குந்திக்கொண்டு இருந்திருக்கிறார்கள், வீட்டுக் கிணற்றடியில் இருப்பதைப்போல. மாமாவின் தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"என்ன மருமகன், யாரும் மௌத்தாகிட்டாங்களா?" என்றார்.

எனக்கு மூச்சு வாங்கியது. "கை காட்டின" என்றேன்.

"ஒங்களத்தான் கூப்பிட்ட, காக்கா," என்றார் சகலன். "மாமாதான் கூப்பிடச் சொன்ன." அவர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. அடக்காமல் சிரித்திருந்தால்கூட எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"குந்துங்க," என்றார் மாமா. "தண்ணி நல்லம்."

சட்டையோடு குந்தினேன். மூன்று தலையாக இருந்தோம்.

மாமா என்னைப் பார்க்கவில்லை, கரையைப் பார்த்துக்கொண்டு கதைத்தார். "வெள்ளிக்கிழமக் கதைய நான் சின்னவர்ட்டக் குடுக்கப் போறன். ஒங்களுக்குக் கோவமா?"

தெரிந்த செய்திதான். ஆனாலும் காதால் கேட்கும்போது வேறு. "கோவமில்ல மாமா" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"கோவம்தான். எனக்குத் தெரியும். இஞ்சப் பாருங்க, போனமுறை இவர்ர வீட்டாக்கள் வீட்டுக்கு மேல்தட்டும் வேணும் எண்டு ஒரு சொல்லுத்தான் சொன்ன. நீங்க பதறிப்போய் உடனே ஓம் எண்டிட்டீங்க. அந்தத் தட்டக் கட்டக் கரைவாகு வயல் துண்டு வித்துப் போய்ட்டு."

"ஓம் எண்டு சொல்லாட்டி அவங்க எழும்பி உள்ளுக்குப் போயிருப்பாங்க மாமா. அண்டைக்கு அவங்கட முகம் அப்பிடி இருந்திச்சி."

இதை இன்றைக்கும் சொல்வேன். அந்த முகங்களைப் பார்த்தவன் நான்.

"நீங்க பயந்த ஆள் மருமகன்," என்றார் மாமா. மெதுவாகத்தான் சொன்னார். "எங்களுக்காகத்தான் பயப்பிடுறீங்க. இப்பவும் ஓடி வந்தீங்களே, நீந்தத் தெரியாத மனிசன். ஆனா மாப்பிள்ள வீட்டுக்குப் போற இடத்துல அது சரிவராது. அவங்க பயத்த மணத்திருவாங்க."

சகலன் தலையைக் குனிந்துகொண்டு, "நான் மாட்டன் எண்டுதான் சொன்னன் காக்கா. காக்கா இரிக்கக்குள்ள நான் எப்பிடிக் கதைக்கிற எண்டு மாமாட்டச் சொன்னன்" என்றார்.

பொய் சொல்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். பொய்யில்லை. அது எனக்கு இன்னும் பொறுக்க முடியாமல் போனது. அவர் கேட்டுப் பறித்திருந்தால் கோபித்துக்கொள்ளலாம். வேண்டாம் என்ற மனிதருக்கு அது தானாகப் போயிருக்கிறது. எனக்குச் சொல்வதற்கு முன்னால் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள், அவரும் மறுத்திருக்கிறார், எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குக் கை காட்டியிருக்கிறார்கள்.

"நல்லம் தம்பி, நீங்களே கதையுங்க" என்று எழும்பி நடந்தேன். கோபத்தோடு நடந்துபோக அது நல்ல இடமில்லை. தண்ணீர் காலைப் பிடித்து இழுக்கிறது, கரையோ வெகு தூரம், அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மனைவி துவாயோடு வந்து நின்றாள். சிரிக்கவில்லை. போனை என் பையிலிருந்து எடுத்துத் தண்ணீரை உதறிவிட்டு, "ஓடினீங்களே" என்றாள். அன்று அவள் ஒருத்திதான் என்னைப் பகிடி பண்ணவில்லை. மாமி அடுத்த நாள் வீடு திரும்பும் வரைக்கும், "கல்முனைக் கடல் எண்டு நினைச்சிட்டார்" என்று ஆள் மாற்றி ஆளிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை அட்டாளைச்சேனைக்குப் போனோம். வாழைக்குலை, கேக், வட்டிலப்பம் எல்லாம் எடுத்துக்கொண்டு போனோம். முன் வரிசையில் மாமாவுக்கு ஒரு பக்கம் சகலன், மற்றப் பக்கம் நான். சலாம் சொல்லி, சுகம் விசாரித்து, குளிர்பானம் குடித்து முடிந்தது. இனித் தொடங்க வேண்டும். சகலன் தொடங்கினார். ஒரே வரிதான். "எங்கட தங்கச்சிக்கு உங்கட மகனக் கேட்டு வந்திருக்கம்." அதோடு நிறுத்திவிட்டார். நான் என்றால் அதற்கு முன்னால் குடும்பக் கதை, ஊர்க் கதை, மழைக் கதை எல்லாம் சொல்லியிருப்பேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தார். அவர் சும்மா இருக்க இருக்க, அந்தப் பக்கம் கதைக்க வேண்டியதாகிவிட்டது.

மாப்பிள்ளையின் பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, வீட்டைப் பற்றி எடுத்தார். டொக்டர் என்றால் ஆட்கள் வந்துபோவார்கள், மேலே ஒரு தட்டு இருந்தால் நல்லதுதானே என்றார்.

என் வாயில் ஓம் வந்துவிட்டது. மாமாவின் கை என் தொடையை அழுத்தியது.

"வீடு இரிக்கி," என்றார் சகலன். "ஒரு தட்டு வீடு. நல்ல வீடு. நீங்க வந்து பாருங்க. அதுக்கு மேல எங்களால ஏலா."

பெரியப்பா பக்கத்தில் இருந்தவர்களின் முகத்தைப் பார்த்தார். அந்த நேரம் நான் என்ன நினைத்தேன் என்று நேராகவே சொல்கிறேன். அவர்கள் எழும்பி உள்ளே போக வேண்டும் என்று ஒரு பாதி நினைத்தது. எழும்பிவிடுவார்களோ என்று மறுபாதி நடுங்கியது. நடுங்கிய பாதிதான் பெரிதாக இருந்தது, அந்த மட்டில் அல்ஹம்துலில்லாஹ்.

திரைக்குப் பின்னாலிருந்து மாப்பிள்ளையின் உம்மாவின் குரல் வந்தது. "மேல்தட்டு என்னத்துக்கு, எனக்கு ஏறவும் ஏலா. புள்ள நல்ல புள்ள எண்டா போதும்."

முடிந்துவிட்டது. பெரியப்பா சிரித்து, துஆ ஓதி, வட்டிலப்பத்தை வெட்டச் சொன்னார். நான் சகலனைப் பார்த்தேன். அவருடைய வீட்டார் முன்னால் நான் இப்படிக் கதைத்திருந்தால் இன்றைக்கு அவர் உறங்குகிற மேல்தட்டு இருந்திருக்காது. அது அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

திரும்பி வரும்போது சகலன் ஓட்டினார், மாமா முன் சீட்டில், நான் பின்னால். மாமாவுக்கு வாய் ஓயவில்லை. சகலன் கதைத்த விதத்தைப் பற்றிச் சொல்வார் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். அவர் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

"டொக்டர் மருமகன்ட சிரிப்பப் பாத்தீங்களா, என்ன அடக்கம்" என்றார். நிந்தவூர் வந்தபோது, "டொக்டர் மருமகன் வந்தா வளவுக்கே ஒரு வெளிச்சம்" என்றார். காரைதீவுச் சந்தியில், "இனி எந்தக் காரியமெண்டாலும் அவர்ட்ட ஒரு சொல்லுக் கேட்டுத்தான்" என்றார்.

கண்ணாடியில் சகலனின் முகம் தெரிந்தது. அவர் "ஓம் மாமா" என்றார். அடுத்த முறை "ம்" என்றார். அதற்கு அடுத்த முறை ஒன்றும் சொல்லாமல் ஒரு லொறியை முந்தினார், முந்தத் தேவையில்லாத இடத்தில்.

கொஞ்ச தூரம் போய், "காக்கா, ஒரு தேத்தண்ணி குடிப்பமா?" என்று கேட்டார். மாமாவிடம் கேட்கவில்லை.

ரோட்டோரக் கடையில் நாங்கள் இரண்டு பேரும் இறங்கினோம். மாமா வேனுக்குள் இருந்து போனில் யாருக்கோ டொக்டரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடி ஏற்றியிருந்தும் குரல் கேட்டது. கடைக்காரர் தேத்தண்ணியும் ஒரு தட்டில் ரோல்ஸும் கொண்டுவந்து வைத்தார். சகலன் கோப்பையை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"ஒங்களுக்கு எவ்வளவு காலம் இருந்திச்சி காக்கா?" என்றார்.

"என்ன?"

"இல்ல, சும்மா கேட்டன்."

அப்படியானால் என் எரிச்சல் அவருக்குத் தெரிந்திருக்கிறது, இப்போது அவருக்கும் அது வந்திருக்கிறது. ஜன்னலோர மேசை, தொழுகைப் பாய், கமரா என்று நான் பார்த்த ஒவ்வொரு பார்வையையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். போய்விடும் என்று சொல்லலாம், ஆனால் எனக்குப் போகவில்லையே.

"சாப்பிடுங்க தம்பி, ஆறிரும்" என்று தட்டை அவர் பக்கம் தள்ளினேன். தள்ளுவதற்கு முன்னால் பெரிய ரோல்ஸை நான் எடுத்துக்கொண்டேன்.